92 ஆ, 95 ஆ, எந்த செட்? திருகோணமலையில் பெற்றோல் அடிப்பவர்களுக்கு ஒரு விரிவான பதில்

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஜப்பானிலிருந்து வந்த வகன் ஆர் ஹைபிரிட் ஒன்று வாங்கியிருக்கிறேன். வீட்டில் பல்சர் ஒன்றும் நிற்கிறது. புதுக் காருக்கு 95 தவிர வேறு எதையும் அடிக்காதே என்கிறார் மாமா. ஐஓசி செட்டில் அடித்தால் கூடுதல் தூரம் ஓடும் என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வதைக் கேட்பது?"

தம்பி, உங்கள் இரண்டு வண்டிகளுக்கும் 92 போதும். நிறுவனத்தின் பெயரைப் பார்த்து செட்டை, அதாவது பெற்றோல் நிலையத்தைத் தெரிவு செய்ய வேண்டாம். செட்டைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். காரணம் தெரியாமல் இதை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு இன்னொருவர் வேறொன்று சொன்னதும் மனம் தடுமாறும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நம் ஊரில் வண்டி திருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், பெற்றோல் விடயத்தில் மக்கள் வீணாகப் பணம் கொடுப்பதையும், கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விடுவதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் 92, 95 என்று சொல்லும் ஒக்டேன் எண். எண் கூடினால் பெற்றோலுக்குச் சக்தி கூடும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்தும்போது அது கடுமையாகச் சூடேறும். ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் சுடர் அங்கிருந்து தொடங்கி ஒழுங்காகப் பரவ வேண்டும். சுடர் வந்து சேருவதற்கு முன்னரே ஓரத்தில் இருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொண்டால் 'டிங் டிங்' என்று உலோகத்தில் தட்டுவது போன்ற சத்தம் கேட்கும். கராஜ்களில் இதைத்தான் 'நொக்கிங்' என்கிறோம். அப்படித் தானாகப் பற்றிக்கொள்ளாமல் ஒரு பெற்றோல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைச் சொல்வதுதான் ஒக்டேன் எண். ஐசோ ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100, நோர்மல் ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 என்று வைத்து, அவற்றின் கலவையோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை தாங்குகிற அளவுக்குத் தாங்கினால் அது 92. எரியும்போது கிடைக்கும் வெப்பத்தைப் பொறுத்தவரை ஒரு லீற்றர் 92 க்கும் ஒரு லீற்றர் 95 க்கும் சொல்லும்படியான வேறுபாடு கிடையாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த எஞ்சினை வடிவமைத்தவர்கள் எந்தப் பெற்றோலை மனதில் வைத்து வடிவமைத்தார்கள்?

உங்கள் வகன் ஆர் ஜப்பான் சந்தைக்காகச் செய்யப்பட்டது. பெற்றோல் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். ஜப்பானிய எழுத்தில் ஏதாவது அச்சடித்திருக்கும். கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புக் கமெராவைக் காட்டினால் 'ரெகுலர்' என்று வாசித்துச் சொல்லும். ஜப்பானில் இரண்டு வகைப் பெற்றோல் விற்கப்படுகிறது. ரெகுலர் என்பதற்கு அவர்களுடைய தரநிர்ணயம் கேட்கும் குறைந்தபட்ச ஒக்டேன் 89. 'ஹைஒக்கு' என்று அவர்கள் சொல்லும் உயர்வகைக்கு 96. இரண்டுக்கும் எண் எடுக்கும் முறை நாம் இலங்கையில் பயன்படுத்துகிற அதே முறைதான். 89 போதும் என்று வடிவமைத்த எஞ்சினுக்கு நம் செட்டில் கிடைப்பது 92. ஏற்கெனவே தேவைக்கு மேல்தான் கொடுக்கிறீர்கள். மாமா சொல்கிறபடி 95 அடித்தால் அந்த மேலதிகத்துக்கும் மேலதிகமாகக் காசு கொடுக்கிறீர்கள். கார் அதை உணரவே உணராது.

மாமா விடமாட்டார் என்று தெரியும். "ஹைபிரிட் எஞ்சின்களின் அழுத்த விகிதம் கூடியது, அதனால் 95 வேண்டும்" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டொயோட்டா பிரியஸின் அழுத்த விகிதம் 13 க்கு 1 என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். ஆனால் அந்த எஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் உள்ளிழுக்கும் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வெளியே திரும்பிவிடும். காகிதத்தில் 13 என்றாலும் கலவை உண்மையில் அனுபவிக்கும் அழுத்தம் அதைவிடக் குறைவு. அதனால்தான் பிரியஸின் மூடியிலும் 'ரெகுலர்' என்றே எழுதியிருக்கிறது. அழுத்த விகிதத்தை மட்டும் பார்த்து ஒக்டேனைத் தீர்மானிக்கக் கூடாது; தயாரித்தவர் எழுதியதை வாசிக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் கனடாவிலிருந்து வரும். விடுமுறைக்கு வரும் உறவினர்கள் "அங்கே நாங்கள் 87 அடிக்கிறோம், இங்கே 92 என்கிறீர்கள், உங்கள் பெற்றோல் அவ்வளவு உயர்வா?" என்று கேட்பார்கள். வட அமெரிக்காவில் இரண்டு வகைப் பரிசோதனைகளின் சராசரியை எடுத்துப் பம்பில் எழுதுகிறார்கள். அவர்களுடைய 87 ஏறக்குறைய நம்முடைய 91, 92 தான்.

பல்சருக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. இந்தியாவில் சாதாரணப் பெற்றோல் நீண்ட காலமாக 91 ஒக்டேனாகவே இருந்தது. அதில் ஓடுவதற்காகச் செய்த வண்டி நம் 92 இல் தாராளமாக ஓடும். பஜாஜ் முச்சக்கர வண்டிக்கும் இதே பதில். தமிழ்நாட்டுக் காணொளிகளில் எத்தனோல் 20 சதவீதம் கலந்த பெற்றோலைப் பற்றிப் பெரிய விவாதம் நடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இங்கே வந்து கலங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது இந்தியாவின் விவகாரம். நம் செட்டுகளில் விற்கும் பெற்றோலுக்கு அந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

அப்படியானால் 95 யாருக்கு? ஐரோப்பாவில் ஆகக் குறைந்த சாதாரண வகையே 95 தான். அதனால் பீஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஓடி, பியூஜோ போன்ற கார்கள் அதை எதிர்பார்த்தே வருகின்றன. மூடியில் 95 என்று எழுதியிருந்தால் பேரம் பேசாமல் 95 அடியுங்கள். டேர்போ பொருத்திய சிறிய எஞ்சின்களில் சிலவும் அதைக் கேட்கும்; கையேட்டைப் பாருங்கள். 95 எழுதிய காரில் அவசரத்துக்கு ஒருமுறை 92 அடிக்க நேர்ந்தால் உடனே ஒன்றும் உடைந்துவிடாது. நொக்கிங்கைக் கண்டுபிடிக்கும் உணரி பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளிவிடும். இழுவை குறையும், கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். தாங்கியில் உள்ள அந்தப் பெற்றோல் முடியும்வரை அக்ஸலரேட்டரை ஆழமாக மிதிக்காமல் ஓட்டினால் போதும். புல்மோட்டைப் பக்கமோ மூதூர்ப் பக்கமோ போகிறவர்கள் நகரத்திலேயே 95 நிரப்பிக்கொண்டு புறப்படுவது நல்லது.

95 க்குச் சார்பாக ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இங்கே விற்கும் 95 யூரோ 4 தரத்தில் வருகிறது. அந்தத் தரத்தில் கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகம் குறைந்தால் புகைபோக்கியில் இருக்கும் வினையூக்கி மாற்றி நீண்ட காலம் உழைக்கும், காற்றுக்கும் நல்லது. அதற்காகவே ஒருவர் 95 அடித்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன். ஆனால் 'பிக்கப்' கூடுகிறது, கிலோமீற்றர் கூடுகிறது என்று உங்கள் வகன் ஆருக்கு அடிப்பவரிடம் மறுத்துத்தான் பேசுவேன். 2025 ஏப்ரல் விலைப்படி 92 ஒரு லீற்றர் 299 ரூபாய், 95 ஒரு லீற்றர் 361 ரூபாய். 62 ரூபாய் இடைவெளி. 25 லீற்றர் அடித்தால் 1550 ரூபாய் கூடுதல். விலை மாதாமாதம் மாறும், இடைவெளியும் மாறும், ஆனாலும் கணக்குப் போடும் விதம் இதுதான். அந்தப் பணத்தை ஒதுக்கி எஞ்சின் ஒயிலைக் காலத்துக்கு மாற்றினால் கார் உண்மையாகவே நன்றி சொல்லும். பாதிக்குப் பாதி கலந்து அடிக்கும் வழக்கத்தில் தீங்கும் இல்லை, பயனும் இல்லை. போத்தலில் விற்கும் ஒக்டேன் பூஸ்டரை வாங்கவே வேண்டாம்.

மலைநாட்டுப் பயணத்துக்கு 95 வேண்டும் என்பதும் பரவலான நம்பிக்கை. மாத்தளை தாண்டி ஏறும்போது எஞ்சினுக்குச் சுமை கூடுவது உண்மை. ஆனால் உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, குளிரும் கூட. நொக்கிங்குக்கு அங்கே வாய்ப்புக் குறையும். அதைவிட நம் ஊரின் ஓகஸ்ட் வெயிலில், ஏசி போட்டுக்கொண்டு, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, டொப் கியரிலேயே மெதுவாக இழுப்பதுதான் எஞ்சினுக்குச் சோதனை.

இனி நிறுவனம். இந்த விடயத்தில் நம் ஊருக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் உங்கள் நண்பர்களின் விருப்பத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

1961 இல் தொடங்கிய இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் (சிபெட்கோ) கைக்குச் சில ஆண்டுகளில் முழு விற்பனையும் வந்த பிறகு, பல தசாப்தங்களாக நமக்கு ஒரே ஒரு பெற்றோல்தான். விருப்பம் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. 2003 இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசி வந்தது. 2023 ஓகஸ்ட்டில் சினோபெக் வந்தது. அதன்பின் ஷெல்லின் பெயரும் திரும்பி வந்திருக்கிறது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளக்கூடியது. அவற்றில் கீழ்ப்பகுதித் தாங்கிகளை லங்கா ஐஓசி பயன்படுத்தி வருகிறது. அவர்களுடைய கப்பல் நம் துறைமுகத்துக்கே வருகிறது, பெற்றோல் ஏற்றும் பவுசர் லொறி நம் வீதியிலிருந்தே புறப்படுகிறது. சிபெட்கோவின் பெரிய களஞ்சியங்கள் கொலன்னாவையிலும் முத்துராஜவெலவிலும், அதாவது தீவின் மறுகரையில் இருக்கின்றன.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஜூன் கடைசியில் 92 இன் விலை 470 ரூபாய்க்கும் 95 இன் விலை 550 ரூபாய்க்கும் ஏறியது. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்த நாட்களில், தனியார் வண்டிகளுக்கு விற்பனையைத் தொடர்ந்தது லங்கா ஐஓசி. பிறகு கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். இரவு முழுவதும் வரிசையில் வண்டியைத் தள்ளித் தள்ளி நகர்த்தியவன், காலையில் தனக்குப் பெற்றோல் தந்த செட்டை மறப்பானா? "ஐஓசி பெற்றோல் நல்லது" என்று நம் ஊரில் பலர் சொல்வதற்குப் பின்னால் அந்த வரிசையின் நினைவு இருக்கிறது என்பதே என் கணிப்பு. அந்த நன்றி நியாயமானது. அதைப் பெற்றோலின் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதுதான் பொருந்தாது. முன்னொரு காலத்தில் "சிபெட்கோதான் நம்பிக்கை" என்று பெரியவர்கள் சொன்னதற்கும் பரிசோதனைக் கூட அறிக்கை எதுவும் அடிப்படையாக இருந்ததில்லை; பழக்கம்தான்.

சட்டப்படி எல்லா நிறுவனங்களும் ஒரே தேசியத் தரத்துக்குள் வரும் பெற்றோலைத்தான் விற்க வேண்டும். சில நிறுவனங்கள் உயர்வகையில் எஞ்சினைச் சுத்தம் செய்யும் சேர்மானங்களைக் கலக்கின்றன. அவை வேலை செய்யும் பொருட்கள்தான். ஆனால் பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் புதிய எஞ்சின்களில் உள்ளிழுக்கும் வால்வின் மீது பெற்றோல் படுவதே இல்லை. அங்கே படியும் கரியை எந்தச் சேர்மானமும் கழுவாது.

உண்மையான வேறுபாடு பிறக்கும் இடம் செட்டின் நிலத்தடித் தாங்கி. இதைத்தான் நான் மறுபடியும் மறுபடியும் சொல்கிறேன், எவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வாடைக்காற்றோடு மழை கொட்டும் கார்த்திகை மார்கழி மாதங்களில் கராஜுக்கு ஒரே மாதிரியான முறைப்பாட்டோடு வண்டிகள் வரும். பெற்றோல் அடித்து இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடியதும் இருமி இருமி நிற்கும், மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஒருமுறை ஒரே காலையில் ஒரு முச்சக்கர வண்டியும் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் அப்படி வந்தன. மூவரும் ஒரே செட்டில் அடித்தவர்கள். கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகாணியைக் கழற்றி வடிந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்தோம். சிறிது நேரம் வைத்தபோது மேலே மஞ்சள் சாயலில் பெற்றோல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதுபோல ஓர் எல்லை. தாங்கியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் புதுப் பெற்றோல் ஊற்றியதும் மூன்றும் ஓடின. நல்ல பெயருள்ள பெற்றோல்தான் அது. பெயர் தண்ணீரைத் தடுக்கவில்லை.

காரணம் எளிது. பெற்றோல் தண்ணீரைவிட இலேசானது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தாலோ, மழைவெள்ளம் மூடிக்கு மேல் நின்றாலோ உள்ளே புகும் தண்ணீர் தாங்கியின் அடியில் போய்த் தங்கும். பம்ப் உறிஞ்சும் குழாயின் வாய் அடியிலிருந்து சற்று மேலே இருப்பதால் சாதாரண நாளில் அது மேலே வராது. பவுசர் வந்து ஆயிரக்கணக்கான லீற்றரை ஊற்றும்போது எல்லாம் கலங்கும். அந்த நேரத்தில் அடிப்பவரின் தாங்கிக்குள் தண்ணீரும் துருவும் சேர்ந்து போகும். ஆகவே பவுசர் இறக்கிக்கொண்டு நிற்கும் செட்டுக்குள் நுழையாதீர்கள். அரை மணி நேரமாவது கழித்துப் போங்கள்.

நல்ல செட்டில் காலையில் அளவுகோலைத் தாங்கிக்குள் விட்டுப் பார்ப்பார்கள். கோலின் நுனியில் ஒரு பசை பூசியிருக்கும். தண்ணீர் பட்டால் அது நிறம் மாறும். அதைத் தவறாமல் செய்யும் முகாமையாளர் ஒருவர் இருக்கும் செட் எனக்குத் தெரிந்தால், அங்கே எந்தக் கொடி பறந்தாலும் அங்கேதான் போவேன். உங்களால் கோல் விட்டுப் பார்க்க முடியாது. ஆனால் நிலத்தடி மூடிகள் இருக்கும் இடம் மழையில் குளமாகிறதா என்று பார்க்க முடியும். பம்பில் அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா, பூச்சியத்திலிருந்து தொடங்குகிறார்களா என்று பார்க்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே வியாபாரம் நன்றாக நடக்கிறதா என்று பார்க்க முடியும். பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் ஓயாமல் அடிக்கும் செட்டில் பெற்றோல் தேங்கி நிற்காது. இதில் 95 க்கு ஒரு சிக்கலும் இருக்கிறது: நம் பகுதியில் அதை வாங்குகிறவர்கள் குறைவு. விற்பனை மந்தமான செட்டில் அது நீண்ட நாள் கிடக்கும்; இலேசாக ஆவியாகும் பகுதிகள் மெல்ல மெல்லப் போய்விடும். கூடுதல் காசு கொடுத்துப் பழைய பெற்றோல் வாங்கும் நிலைமை அது.

மண்ணெண்ணெய்க் கலப்படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குச்சவெளியிலிருந்து மூதூர் வரை மீன்பிடிப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. அது அவர்களின் பிழைப்பு. விலை இடைவெளி அகலும்போதுதான் கலப்படக்காரனுக்குக் கை அரிக்கும். 2022 ஓகஸ்ட் நடுப்பகுதியில் மண்ணெண்ணெய் 87 ரூபாய், 92 பெற்றோல் 450 ரூபாய். அதே மாதம் சில நாட்களில் மண்ணெண்ணெயை 340 ரூபாய்க்கு ஏற்றிய பிறகு அந்த ஆசை பெரும்பாலும் அடங்கியது. சந்தேகம் வந்தால் ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு துளி பெற்றோல் விட்டு நிழலில் வைத்துப் பாருங்கள். சுத்தமான பெற்றோல் சில நிமிடங்களில் தடம் இல்லாமல் காய்ந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்ப் படலம்போல ஒரு வட்டம் தங்கும், மணமும் போகாது. அந்தப் பெற்றோலின் ஒக்டேனும் 92 ஆக இருக்காது. புதிதாக நொக்கிங் கேட்கத் தொடங்கினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

"ஐஓசியில் அடித்தால் தூரம் கூட ஓடுகிறது, நானே பார்த்தேன்" என்று உங்கள் நண்பர் சத்தியம் செய்தால் அவர் பொய் சொல்லவில்லை. பார்த்த விதம்தான் போதாது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை இங்கே கச்சான் அடிக்கிறது. நகரத்தில் ஒரு செட்டில் நிரப்பிக்கொண்டு ஹபரணைப் பக்கம் போகிறவர் எதிர்காற்றில் போகிறார். தம்புள்ளையில் வேறு செட்டில் நிரப்பிக்கொண்டு திரும்புகிறவர் பின்காற்றில் வருகிறார், பாதையும் கடலை நோக்கி இறங்குகிறது. இரண்டாவது செட்டின் பெற்றோலைப் புகழாமல் என்ன செய்வார்? டயர் காற்று, ஏசி, சுமை, போக்குவரத்து எல்லாமே எந்த நிறுவனத்தின் பெயரையும்விடக் கணக்கை அதிகம் மாற்றும்.

ஒழுங்காகப் பார்க்க விரும்பினால் ஒரே செட்டில், ஒரே பம்பில், முனை தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். வழக்கமான பாதையிலேயே ஓடுங்கள். மறுபடி அதே பம்பில் அதேபோல நிரப்பி, ஓடிய கிலோமீற்றரை அடித்த லீற்றரால் வகுத்துக் கொப்பியில் எழுதுங்கள். தாங்கி பல தடவை நிரம்பிய பிறகு அடுத்த செட்டுக்கு மாறி அதே கணக்கைத் தொடருங்கள். டாஷ்போர்ட் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். விடியற்காலையில் அடித்தால் அளவு கூடக் கிடைக்கும் என்பதிலும் நேரத்தை வீணாக்க வேண்டாம். நிலத்துக்கு அடியில் இருக்கும் பெற்றோலின் வெப்பநிலை காலைக்கும் மதியத்துக்கும் அவ்வளவாக மாறுவதில்லை.

பல்சரைப் பற்றி ஒரு கடைசி வார்த்தை. கார் வந்த பிறகு அது மாதக்கணக்கில் மூலையில் நிற்கப்போகிறது என்று ஊகிக்கிறேன். கார்புரேட்டர் உள்ள மொடலாக இருந்தால் பெற்றோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுப் பிறகு நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் கிண்ணத்தில் தேங்கிய பெற்றோல் பிசினாகி ஜெட்டை அடைத்துவிடும். நம் ஊரின் உப்புக்காற்றில் பாதி காலியான இரும்புத் தாங்கி உள்ளே துருப்பிடிக்கும். நிறுத்தி வைக்கும் வண்டியின் தாங்கியை நிரப்பியே வையுங்கள்.

எப்போதாவது அடித்தவுடன் வண்டி நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஹைபிரிட்டில் அது பம்பையும் இன்ஜெக்டரையும் கெடுக்கும். பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், மெக்கானிக்கைக் கொண்டு தாங்கியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் மாதிரி எடுத்து, நாளும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். அன்றே செட்டின் முகாமையாளரிடம் காட்டுங்கள். அவர் தட்டிக்கழித்தால் நிறுவனத்தின் தலைமையகத்துக்கும் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கும் எழுத்தில் கொடுங்கள். போத்தலும் சீட்டும் கையில் இருந்தால்தான் உங்கள் முறைப்பாட்டை ஆராய வழி இருக்கும்.